ஹாஜியார் மறுபடி கத்துகிறார்

திருச்சி,
பெருநாள் கழிந்த மூன்றாம் வாரம்

அன்பு மகள் ஆஃப்ரினுக்கு உன் அம்மா ஆபிதா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அங்கே நீயும் மாப்பிள்ளை நவ்ஷாத்தும் என் தங்கக்கட்டி இன்ஷாவும் அந்த லீட்ஸ் குளிருக்குத் தப்பி உடம்பு சௌகரியத்தோடு இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று ஒரே வரியில் எழுதி நார்த்தங்காய் ஊறுகாயோடு சேர்த்துக் கட்டிவிடலாம்தான். ஆனால் இந்த வருஷத்து சுகம் எப்படி வந்து சேர்ந்தது என்று சொல்ல நாலு பக்கமாவது வேண்டும், அதனால் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். லீவு முடிந்து உங்கள் ஊருக்கே திரும்பும் தாஹா தம்பி திங்கட்கிழமை பிளைட் ஏறுகிறார், அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். போன் இருக்கும்போது எதற்கம்மா கடிதம் என்று நீ சிரிப்பாய். உன் போன் வந்தால் உன் அத்தா ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார், வாட்ஸ்அப்பில் எழுதினால் எனக்கு முன்னால் அவர்தான் படிக்கிறார், நான் எங்கே போய் ரகசியம் பேச?

விஷயத்துக்கு வருகிறேன், பயப்படாமல் படி. உன் அத்தா தினமும் காலையில் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். இதயத்துக்கான மாத்திரைகள் உனக்குத் தெரியும், இது வேறு. மனச்சோர்வுக்கு, டிப்ரஷன் என்கிறீர்களே, அதற்கு. இது ஊரில் யாருக்குத் தெரிந்தாலும் பரவாயில்லையாம், உனக்கு மட்டும் தெரியக்கூடாதாம். நீ வீடியோவில் வந்தால் போதும், அந்த டப்பா தலையணைக்கு அடியில் போய்விடும். அதையும் போன வாரத்திலிருந்து சாப்பிடாமல் டிமிக்கி கொடுக்கிறார். பாதியில் நிறுத்தக் கூடாது என்று டாக்டர் அடித்துச் சொல்லியிருக்கிறார். அவரை மறுபடி சாப்பிட வைக்க என்னால் ஆகவில்லை, உன்னால்தான் ஆகும், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். போன வருஷம் ஹஜ்ஜுக்குப் போய் வந்தோமே, மினாவில் கூடாரத்தில் இருந்தபோதே அவருக்கு இருமலும் காய்ச்சலும் பிடித்துக்கொண்டது. போகிற ஹாஜிகளில் பாதிப் பேருக்கு வருவதுதானே என்று நாங்களும் பெரிதாக நினைக்கவில்லை. ஊர் வந்து காய்ச்சல் விட்டது, இருமல் மட்டும் போவேனா என்று கூடவே இருந்தது. இருமல் போனபோது அவருடைய சத்தமும் சேர்ந்து போய்விட்டது. உன் அத்தா தும்மினாலே காந்தி மார்க்கெட் வரை கேட்கும் என்று நீதானே கேலி செய்வாய், அந்த மனுஷன் வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்று எட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று. சாப்பாட்டில் உப்பு இல்லை என்றாலும் ஒரு வார்த்தை இல்லை. கடையில் பேரம் இல்லை, கேரம் விளையாட்டில் கள்ளாட்டம் இல்லை. நான் வேண்டுமென்றே அவருடைய பழைய செருப்பைத் தூக்கிப் போட்டேன், அதற்கும் சரி என்றார். தொழுகை முடிந்தும் பள்ளிவாசலில் தூணோரமாக உட்கார்ந்திருப்பார். ராத்திரி தூக்கம் இல்லை, வயிற்றுக்கு இரண்டு கவளம்தான்.

இதைப் பார்த்து ஊர் என்ன சொல்லிற்று தெரியுமா? ஹஜ்ஜுக்குப் போனால் இப்படியல்லவா திரும்பி வர வேண்டும் என்றது. மனுஷனுக்கு தக்வா வந்துவிட்டது, இறையச்சம் வந்துவிட்டது, பொறுமை வந்துவிட்டது என்றார்கள். கல்யாண வீடுகளில் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஹாஜியார் முகத்துல நூர் இறங்கியிருக்கு ஆபிதா, குடுத்து வெச்சவ நீ என்றார்கள். நானும் மாஷா அல்லாஹ் மாஷா அல்லாஹ் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அடி போடி, இறங்கினது நூர் இல்லை, எட்டு கிலோ எடை! கன்னம் ஒட்டி எலும்பு மினுங்கினதை ஊரே ஒளி என்று சொல்லிக்கொண்டிருந்தது. என் தங்கை, உன் சாச்சி இர்பானா இருக்கிறாளே, அவள் தன் வீட்டுக்காரரை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்து, இவங்களைப் பார்த்துக் கத்துக்குங்க என்று காட்டிவிட்டுப் போனாள். நீ மட்டும் சும்மா இருந்தாயா? வெள்ளிக்கிழமை தவறாமல் போன் செய்து, அத்தா, உங்க சப்ர், உங்க பொறுமை எனக்கும் வரணும்னு துஆ செய்யுங்க என்றாய். அவர் அந்தப் பக்கம் தலையை ஆட்டிவிட்டு, போனை வைத்த பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கண்டுபிடித்தது நாங்கள் யாருமில்லை, ஸ்ரீரங்கம் வீரராகவன் சார். உனக்கு அவரை ஞாபகம் இருக்கும், ரிட்டயரான கணக்கு வாத்தியார், நம் இரும்புச் சாமான் கடையில் ஒரு கீல் வாங்குவதற்கு ஒரு மணி நேரம் உன் அத்தாவோடு சண்டை போட்டுவிட்டு, பிறகு இரண்டு பேருமாகப் போய் டீ குடிப்பார்களே, அவரேதான். வைகுண்ட ஏகாதசிக்கு வீடு கொள்ளாமல் உறவுக்காரர்கள் வருவார்கள் என்று குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வாங்க வந்திருக்கிறார். வழக்கம்போல உன் அத்தா சொன்ன விலையில் பாதிக்குக் கேட்டிருக்கிறார். உன் அத்தா, சரி சார், எடுத்துக்குங்க என்றிருக்கிறார். அவ்வளவுதான், வீரராகவன் சார் தாழ்ப்பாளை வாங்காமல் நேரே நம் வீட்டுக்கு வந்து வாசலில் நின்றுகொண்டு, அம்மா, தப்பா எடுத்துக்காதீங்கோ, பாய் என்கிட்ட சண்டை போடலை, அவருக்கு உடம்பு சரியில்லை என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஹஜ்ஜுக்குப் போய் வந்ததிலிருந்து அப்படித்தான் சார், சாந்தமாகிவிட்டார் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கு ஸ்டென்ட் வெச்ச வருஷம் நானும் இப்படித்தாம்மா சாந்தமாயிட்டேன், கோயிலே கதின்னு கிடந்தேன், பக்தி முத்திடுத்துன்னு அரவிந்தவல்லி ஊரெல்லாம் சொல்லிண்டா, நான் பெருமாளைப் பாத்துண்டு உக்காந்திருக்கேன்னு எல்லாரும் நெனச்சா, நான் வெறுமனே தரையைப் பாத்துண்டு உக்காந்திருந்தேன் என்றார். அரவிந்தவல்லி அவர் வீட்டு மாமி. அன்று ராத்திரி கடை மூடி வந்த அத்தாவை எட்டிப் பார்த்தால் பாயில் உட்கார்ந்து தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே புத்தூரில் வீரராகவன் சார் தனக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ளும் இதய டாக்டர் ஜாஹ்னவியிடம் போனோம். வாங்க என்றேன், வந்தார். உன் அத்தா ஆஸ்பத்திரிக்கு ஒரே தடவை கூப்பிட்டதும் கிளம்பினார் என்றால் அதற்கே எனக்குப் பாதிப் பயம் வந்துவிட்டது. அந்த டாக்டர் பெண் நெஞ்சு வலியைப் பற்றியெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியா எப்ப பாய் வாய்விட்டுச் சிரிச்சீங்க என்று கேட்டார். அத்தா விரல் விட்டு மாதங்களை எண்ண ஆரம்பித்தார். அப்புறம் ரத்தம் எடுத்தார்கள். அதில் சி.ஆர்.பி. என்று ஒன்று, உடம்புக்குள் அழற்சி இருந்தால் காட்டிக்கொடுக்குமாம், ஒன்றுக்குக் கீழே இருந்தால் நல்லது, மூன்றைத் தாண்டினால் இதயத்துக்கு ஆபத்து கூடுதல் என்று அர்த்தமாம், இவருக்கு ஏழு. சளி ஜுரம் இருந்தாலும் ஏறும் என்று சில வாரம் விட்டு மறுபடி எடுத்தார்கள், அப்போதும் இறங்கவில்லை. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால் ஈறெல்லாம் வீங்கி ரத்தம், அங்கேயும் அழற்சிதானாம். பல் துலக்கும் மிஸ்வாக் குச்சியில் சிவப்பாக ஒட்டுவதைப் பார்த்தும் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை இந்த மனுஷன்.

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன், நீ படித்தவள், தப்பிருந்தால் திருத்திக்கொள். உடம்பில் ஒரு தொற்று வந்தால் அதை விரட்ட நம் ரத்தத்தில் இருக்கும் காவல் படை கிளம்புமாம், அதுதான் அழற்சி. வேலை முடிந்ததும் அது அடங்கிவிட வேண்டும். சிலருக்கு அடங்குவதில்லை. தேர்த் திருவிழாவுக்கு பந்தோபஸ்து பார்க்க வந்த போலீஸ் திருவிழா முடிஞ்சும் ஊரைவிட்டுப் போகாம தெருவுக்குத் தெரு நின்னா ஜனங்க என்னம்மா செய்வாங்க என்று கேட்டார். அப்படி அடங்காத அழற்சி ரத்தக் குழாயின் உள்சுவரை அரிக்குமாம், மூளை வரைக்கும் போய் மனுஷனைச் சுருட்டிப் போடுமாம், ஒன்றிலும் ருசி இருக்காது, யாரோடும் பேசத் தோன்றாது. மனசு விழுந்தவர் நடக்க மாட்டார், தூங்க மாட்டார், ஒழுங்காகச் சாப்பிட மாட்டார், அதனால் அழற்சி இன்னும் ஏறும், இதயத்துக்கு இன்னும் கெடுதல். எது முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாதாம், எல்லாருக்கும் இப்படித்தான் என்றும் இல்லையாம், ஆனால் இந்த மூன்றும் கைகோத்து வருவதைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம் என்றார். உன் அத்தாவின் ரத்தக் குழாயில் ஒரு இடத்தில் பாதி அடைப்பு இருந்தது. அதுவரைக்கும் உனக்குச் சொன்னேன். ஸ்டென்ட் வேண்டாம், மாத்திரை போதும் என்றதும் சொன்னேன். அதே கட்டடத்தில் மாடியில் இருக்கும் மனநல டாக்டரையும் பார்க்கச் சொன்னதை மட்டும் மறைத்தோம்.

ஏனென்றால் அத்தா மாட்டேன் என்றுவிட்டார். நெஞ்சுக்கு எத்தனை மாத்திரை வேணும்னாலும் குடுங்க, மனசுக்கு வேண்டாம், இது அல்லாஹ் குடுத்த அமைதி, இதுல கை வைக்கக் கூடாது என்றார். வீட்டுக்கு வந்து நான் பிடித்துக்கொண்டேன். உங்களைக் கூப்பிட்டு சிரிப்பைப் பிடுங்கிக்கவா அல்லாஹ் அவ்வளவு தூரம் வரவழைச்சான், சொல்லுங்க என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ, மனுஷன் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். ஹஜ்ஜுல அரஃபாத்து மைதானத்துல எல்லாரும் கையேந்தி அழுதாங்க ஆபிதா, பக்கத்துல நின்ன மலையாளத்துக்காரர் குழந்தை மாதிரி அழுதார், எனக்கு ஒரு சொட்டு வரலை, நெஞ்சு மரக்கட்டையா இருந்துச்சு, என் ஹஜ் கபூல் ஆகலை, அல்லாஹ் ஏத்துக்கலைன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு, அதான் வந்ததுலேர்ந்து எதுவும் பேசத் தோணலை, ஊர்ல எல்லாரும் புகழப் புகழ செத்துடலாம் போல இருந்துச்சு. பக்கத்திலேயே படுத்திருந்தவள் நான், இவ்வளவு பெரிய பாரத்தை ஒருத்தராகவே சுமந்திருக்கிறார் பார்.

அடுத்த தடவை டாக்டர் ஜாஹ்னவியிடம் அவரே வாய் திறந்தார். காய்ச்சலோடுதான் அரஃபாத்தில் நின்றேன், கண்ணீரே வரவில்லை என்று சொல்லிவிட்டு, அப்ப அது என் ஈமான்ல, இறை நம்பிக்கையில கோளாறு இல்லையா டாக்டர் என்று கேட்டார். ஒரு இதய டாக்டரிடம் போய் யாராவது இப்படிக் கேட்பார்களா! அந்தப் பெண் சிரிக்கவில்லை. ஈமானை அளக்கற மெஷின் என்கிட்ட இல்லை பாய், ஆனா காய்ச்சல்ல உடம்பு எரிஞ்சிட்டு இருக்கற நேரத்துல மனசு மரத்துப் போறது எங்களுக்குத் தெரிஞ்ச விஷயம், உடம்புல கோளாறு இருந்துச்சு, அதை நான் எழுதித் தரேன், மத்ததை நீங்க அல்லாஹ்கிட்ட கேட்டுக்குங்க என்றார். உன் அத்தா அங்கேயே, நாற்காலியில் உட்கார்ந்தபடியே, தோள் குலுங்க அழுதார். நானும் அழுதேன், எங்களுக்குத் துணையாக வந்து வெளியே காத்திருந்த வீரராகவன் சார் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு ஏதோ ஆகிவிட்டது என்று உள்ளே ஓடி வந்து அவரும் அழுதார். அன்றைக்கே மாடி ஏறினோம்.

அப்புறம் நடந்ததெல்லாம் நல்ல செய்திதான். மாத்திரை ஒரு பக்கம், வாரம் ஒரு தடவை மாடி டாக்டரோடு பேச்சு ஒரு பக்கம், பல் டாக்டர் ஈறைச் சுத்தம் செய்தது ஒரு பக்கம். விடியலில் பஜ்ரு தொழுததும் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போய் வீரராகவன் சாரோடு சித்திரை வீதியைச் சுற்றி நடக்கிறார். தொப்பியும் நாமமுமாக இரண்டு பேரும் கையை ஆட்டிச் சண்டை போட்டுக்கொண்டு நடப்பதைப் பார்க்க அந்த வீதியில் ஒரு கூட்டமே சீக்கிரம் எழுந்துவிடுகிறதாம், அரவிந்தவல்லி மாமி சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். ரமலானில் டாக்டரிடம் கேட்டு மாத்திரை நேரத்தை மாற்றிக்கொண்டு நோன்பு வைத்தார். நோன்பு பாதியில் ஒரு நாள் நம் கடையில் வேலை பார்க்கும் பிரவீன்ராஜ் போன். அம்மா, பாய் இன்னைக்கு என்னைத் திட்டிட்டாரும்மா, மர ஸ்க்ரூவையும் தகர ஸ்க்ரூவையும் கலந்துட்டேன்னு கிழி கிழின்னு கிழிச்சிட்டாரும்மா என்கிறார், குரலில் அப்படி ஒரு சந்தோஷம். அன்று சாயங்காலம் நோன்பு திறக்க பிரவீன்ராஜ் வீட்டிலிருந்து அரை கிலோ ஜிலேபி வந்தது. பெருநாளைக்குக் கறிக்கடையில் எலும்பை அதிகம் போட்டுவிட்டார்கள் என்று உன் அத்தா போட்ட சத்தத்தில் பின்னால் நின்ற நாலு பேருக்கும் நல்ல கறியாகக் கிடைத்தது. கடைசியாக ரத்தம் எடுத்ததில் அந்த ஏழு இரண்டாக இறங்கியிருக்கிறது, எடையும் ஏறுகிறது. எதிர்வீட்டு அமிர்தம் ஜன்னல் வழியாக, பாய் சத்தம் கேக்குதே, இப்பதான் தெருவே தெருவா இருக்கு என்றாள்.

இந்த நேரத்தில்தான் நீ குறுக்கே வந்தாய் மகராசி. பெருநாளுக்கு அடுத்த வாரம் உங்கள் ஊர்ப் பெண்கள் கூட்டத்தில் பொறுமையைப் பற்றிப் பேசினாயே, என் அத்தா ஹஜ்ஜுக்குப் போய் வந்ததிலிருந்து ஒரு கோபச்சொல் பேசினதில்லை, பொறுமை என்றால் என்ன என்று நான் அவரிடம்தான் பார்த்தேன் என்று. அழகாகத்தான் பேசினாய், எனக்கே கண் கலங்கியது. அதை ரெக்கார்ட் செய்து சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டுவிட்டாய். உன் சாச்சி பத்து பேருக்கு அனுப்பினாள். உன் அத்தா அதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். மறுநாள் டப்பாவைத் திறக்கவில்லை. என்னவென்று கேட்டால், என் புள்ளை ஊர் முழுக்கச் சொல்லிட்டா, இனிமே நான் கத்தினா அவ பேச்சு பொய்யாயிடும்ல என்கிறார்! மாத்திரையை விட்டுவிட்டால் அந்த அமைதி திரும்பி வருமாம், மகளுக்குப் பிடித்த ஹாஜியாராக இருந்துவிடலாமாம். இதைக் கேட்டுச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த அமைதி திரும்பினால் அதனோடு என்னென்ன திரும்பி வரும் என்று டாக்டர் சொன்னதைத்தான் மேலே எழுதியிருக்கிறேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, நாங்கள் மறைத்தோம், நீ பேசினாய். இனிமேல் அவரைப் புகழாதே. முன்பு மாதிரி வம்புக்கு இழு. கடையைப் பிரவீன்ராஜிடம் விட்டுவிட்டு வீட்டில் உட்காருங்கள் என்று சொல்லிப் பார், பிறகு போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்.

உனக்கும் ஒன்று சொல்கிறேன். நாலு மணிக்கே இருட்டிவிடும் ஊர் அது, போன குளிர் காலத்தில் உன் குரலும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது, எதைக் கேட்டாலும் நல்லாயிருக்கேம்மா, நல்லாயிருக்கேம்மா. எனக்கு இப்போது அந்த வார்த்தையைக் கேட்டாலே பயமாக இருக்கிறது. அலுப்பாக இருந்தால் அலுப்பு என்று சொல்லு, அழுகை வந்தால் போன் செய்து அழு. வெயில் எட்டிப் பார்த்தால் இன்ஷாவைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டு வா. பல்லைக் காட்டு, அதாவது பல் டாக்டரிடம். என் முழங்கால் பழையபடிதான், மாடிப்படியில் மட்டும் அல்லாஹ் நினைவுக்கு வருகிறான்.

இதுவரை எழுதி முடித்தபோது உன் அத்தா மதியச் சாப்பாட்டுக்கு முன்னதாகவே வந்து நின்றுவிட்டார். மறைக்க நேரமில்லை. ஆஃப்ரினுக்கா என்றார். ஆமாம் என்றேன். மாத்திரை விஷயமும் எழுதிட்டியா என்றார். எழுதிட்டேன், என்ன செய்வீங்களோ செஞ்சுக்குங்க என்று நானும் சண்டைக்குத் தயாராகத்தான் நின்றேன். அவர் கத்தவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம், அவ பேசினதை நான் திரும்பத் திரும்பக் கேட்டேன் ஆபிதா, அவ சொன்ன அத்தா ரொம்ப நல்ல மனுஷன், ஆனா அது நானில்லை, அவகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டு எழுது, இந்தக் கத்துற அத்தா அவளுக்குப் போதுமா, போதும்னு அவ வாயால சொல்லிட்டா நான் மாத்திரையை விடாமப் போட்டுக்கறேன் என்றார்.

கேட்டுவிட்டேன். பதிலை எனக்கு எழுத வேண்டாம், அவரிடமே சொல்லு. வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்காதே, தாஹா தம்பி கொடுத்த உடனே, கடிதத்தைக் கீழே வைத்ததும் போனை எடு. இங்கே எந்த நேரமாக இருந்தாலும் பரவாயில்லை, எழுப்பு.

அல்லாஹ் உன் வீட்டில் சண்டையும் சிரிப்பும் சத்தமும் குறையாமல் வைக்கட்டும், இன்ஷாவுக்கு நீண்ட ஆயுளும் உன் அத்தாவின் தொண்டையும் கொடுக்கட்டும், ஆமீன். ஊறுகாயைப் பிரிட்ஜில் வை, ஈரக் கரண்டி போடாதே.

உன்னை நினைத்தபடி,
உன் அம்மா
ஆபிதா ஹபீபுல்லா